தட்டிப் பார்க்காத கத்தி

இருபத்திரண்டு வருடம் பொய்க் கத்தி செய்தவன் நான். கோடம்பாக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் அலுமினியத்தையும் ஃபைபரையும் வெட்டி, வெள்ளிப் பூச்சு அடித்து, சினிமா ராஜாக்களுக்கும் ரவுடிகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஷாட்டுக்கு நின்றால் போதும். வாள் நடுவில் உடைந்தால் உடனே ஒட்டும் பசையை ஒரு சொட்டு விட்டு, மேலே பெயின்ட்டைத் தடவி, "ரெடி சார்" என்று நீட்டிவிட வேண்டும். இதை நான் எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. அதில் எனக்கு வெட்கமும் இருந்ததில்லை.

வாளையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்த பிறகு வேலை குறைந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு, ஒரு தடவையாவது உண்மையிலேயே வெட்டுகிற கத்தி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தது. அதுவும் சாதாரணக் கத்தி ஆகாது, டமாஸ்கஸ்தான் வேண்டும் என்று. எனக்கு ஆசை எப்போதும் அளவு தெரியாமல்தான் வரும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஜாதி எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் மஞ்சளும் வெள்ளையுமாகக் காயவைத்து, அடித்து ஒரே கட்டியாக்க வேண்டும். அதை நீட்டி, வெட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி அடிக்க வேண்டும். கத்தியாகத் தேய்த்துக் கடைசியில் திராவகத்தில் முக்கினால் ஒரு எஃகு கறுத்துப்போகும், இன்னொன்று வெள்ளியாக மின்னும். அப்போது கத்தி முழுக்க அலை அலையாக ஒரு கோலம் எழும்பி வரும். முதன்முதலில் அது எழுந்து வந்ததைப் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். ஐம்பதை நெருங்கும் ஆள் அழுததைப் பார்த்து பாய் சிரித்தார்.

பாய் என்றால் ராயப்பேட்டையில் மணிக்கூண்டுக்குப் பின்பக்கச் சந்தில் கமான் பட்டறை வைத்திருப்பவர். லாரிக்கும் லோடு ஆட்டோவுக்கும் அடியில் வில்லாக வளைந்திருக்கும் பட்டைகளைத்தான் கமான் என்பார்கள். உடைந்ததைக் கழற்றி, புதுப் பட்டையைக் காயவைத்து வளைத்து மாட்டுவது அவர் தொழில். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயது. நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை நைனா என்பார். கழித்துப் போட்ட கமான் பட்டை கேட்டுத்தான் முதலில் அவரிடம் போனேன். மரமில்லில் வீசிய பேண்ட்சா ரம்பப் பிளேடையும் அதையும் சேர்த்து அடுக்கப்போகிறேன் என்றதும், பட்டறையில் ஒரு மூலையையும் தன் பவர் ஹேமரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். தகடுகளைத் தேய்ப்பதும் அடுக்குவதும் என் வேலை, ஹேமர் அவர் கையில் என்று ஆயிற்று. நான் அடுக்கியது சரியா என்று அவர் ஒரு முறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பட்டையையும் வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் கம்பியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டுவார். நல்ல பட்டை நீளமாக ரீங்கரிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் டக் என்று செத்த சத்தம் வரும். கண்ணில் படாத விரிசல் அவர் காதில் பட்டுவிடும். அவர் மகள் இந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள். டீக்கடையில் எவர்சில்வர் டம்ளரைக் கையில் கொடுத்தாலும் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

அந்தப் பெண் கேட்டரிங் படித்து முடித்து, தி.நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர இருந்தாள். அங்கே அவரவர் கத்தியை அவரவரே கொண்டுவர வேண்டுமாம். கடைக் கத்தி வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அடித்த கத்திதான் வேண்டும் என்று அவள் சொன்னதாகப் பாய் என்னிடம் வந்து சொன்னபோது, அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவரை நாங்கள் அடித்த ஏழெட்டுக் கத்திகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் போனவை. இது தினமும் பத்து மணி நேரம் வெங்காயமும் எலும்பும் பார்க்கப்போகிற கத்தி. அவளுடைய விரல்களுக்கு ஒரு நூல் தள்ளி ஓடப்போகிற கத்தி.

பதினைந்து தகடு அடுக்கி, ஒன்றாக அடித்து, நீட்டி, மூன்று துண்டாக வெட்டினோம். மூன்றின் முகத்தையும் கிரைண்டரில் பளபளவென்று தேய்த்து மேஜைமேல் வரிசையாக வைத்தேன். தேய்த்த முகத்தில் விரல் ரேகைகூடப் படக்கூடாது, பட்ட இடத்தில் எஃகு எஃகோடு ஒட்டாது என்பார்கள். மறுநாள் ஆயுத பூஜை. பூஜைக்கு வைத்த எதையும் அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால், விஜயதசமி காலையில் மூன்றையும் அடுக்கி அடிப்பது என்று ஏற்பாடு.

ஆயுத பூஜைக்கு வருடா வருடம் என் மனைவி மயிலாப்பூரிலிருந்து தட்டும் பூவுமாகப் பட்டறைக்கு வந்துவிடுவாள். பூசணிக்காய் வாங்கி வருவது பாய், அதை ரோட்டில் உடைப்பது நான், பொரிகடலை பங்கு வைப்பது அவள். மனைவி அடையாறில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. அதனால் விபூதியைக் குழைத்து அவள் இழுக்கும் மூன்று கோடுகளும் ஸ்கேல் வைத்துப் போட்டது போல் இருக்கும். ஹேமருக்கு இட்டாள், உலைக்கு இட்டாள், பாயின் சின்னச் சுத்தியலுக்கும் இட்டாள். மேஜையில் இருந்த மூன்று துண்டுகளையும் ஒரே சாமானாக நினைத்து, நடுத் துண்டின்மேல் மூன்று கோடு இழுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பூஜை நேரத்தில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை அந்த நடுத் துண்டை மறுபடி கிரைண்டரில் தேய்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டேன். காய்ந்த விபூதிக் கோட்டின்மேல் அந்தக் கல்லை வைக்க மனசு வரவில்லை. கோயிலுக்கு வருடத்தில் இரண்டு முறை போகிறவன் நான். ஆனாலும் சாமிக்கு இட்டதைக் கிரைண்டரால் அரைப்பதா என்று கை நின்றுவிட்டது. போதாக்குறைக்கு ராகு காலம் ஆரம்பிக்க இன்னும் கால் மணிதான் இருந்தது.

"இன்னா நைனா, உலை காஞ்சிக்கினு கீது. நீ இன்னா அத்தயே தடவிக்கினு கீறே?" என்றார் பாய், ஹேமர் பக்கத்திலிருந்து.

ஒரு காய்ந்த துணியால் துடைத்தேன். கோடு மறைந்தது. எஃகின் நுண்ணிய கீறல்களுக்குள் சாம்பல் வெள்ளையாகக் கொஞ்சம் தங்கியிருந்தது. மற்ற அழுக்கெல்லாம் உலையில் எரிந்து போகும், வெங்காரம் தூவினால் கரைந்து வெளியே வந்துவிடும். சாம்பல் ஏற்கனவே எரிந்து முடிந்தது, அதை நெருப்பு மறுபடி என்ன செய்யும்? இது அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை. தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டு, மூன்றையும் அடுக்கிக் கம்பியால் கட்டி உலையில் வைத்தேன்.

வெல்டு நன்றாகத்தான் பிடித்தது போலிருந்தது. நீட்டினோம், கத்தியின் உருவத்துக்குக் கொண்டுவந்தோம். எஃகு இறுகுவதற்காக, உலையில் காயவைத்த கத்தியை எண்ணெயில் இறக்கும்போது டிங் என்று மெல்லிய சத்தம் வந்தால் அது விரிசல், எல்லாம் போயிற்று என்று அர்த்தம். அந்த நொடியில் இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். சத்தம் வரவில்லை. பாய் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். அவர் சந்தோஷப்பட்டால் நமக்குத்தான் வலிக்கும்.

பாயின் மகள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை, ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த பழுப்புத் திராவகத்தில் கத்தியை முக்கினேன். பாய் அடுத்த தெருவில் நின்றுபோன ஒரு வண்டியைப் பார்க்கப் போயிருந்தார். கால் மணி கழித்து எடுத்துக் கழுவினேன். கோலம் எழும்பியிருந்தது, அதுவரை செய்ததிலேயே அழகாக. ஆனால் நடுவில் ஒரு கோடு மட்டும் மற்றவற்றைவிட ஒரு பங்கு அதிகமாகக் கறுத்திருந்தது.

நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். நகம் சிக்கியது.

கமான் பட்டறைகளில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மண்ணெண்ணெயைத் தடவி, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். வாசலைப் பார்த்துக்கொண்டே செய்தேன், திருடன் மாதிரி. இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. மூன்றாவது நிமிடம் வெள்ளைத் தூளின் நடுவே ஒரு ஈரக்கோடு ஊறி வந்தது. இரண்டு விரல் நீளம். விபூதிக் கோடு இருந்த அதே நடு இடம்.

டமாஸ்கஸில் இதுதான் ஆபத்து. சாதாரணக் கத்தியில் விரிசல் தனியாகத் தெரியும். இதில் நூறு கோடுகளுக்கு நடுவே அதுவும் ஒரு கோடு. பார்க்கிறவர்கள் அழகு என்றுதான் சொல்வார்கள். அது விரிசல் என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பாய் வந்ததும் சொல்ல வேண்டும், கத்தியை உடைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான் அங்கே உட்கார்ந்து எல்லோர் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் விபூதி இட்ட மனைவி மேல் கோபம். அவசரப்படுத்திய பாய் மேல் கோபம். சொந்தக் கத்தி கொண்டுவரச் சொன்ன ஹோட்டல்காரன் மேல்கூடக் கோபம். பூஜைத் திருநீற்றால் உன் பெண்ணுடைய கத்தி கெட்டது என்று பாயிடம் எந்த வாயால் சொல்வது, நீ இட்டதுதான் என்று மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அதெல்லாம் சாக்கு. எனக்கு அடுக்கத் தெரியவில்லை என்று பாய்க்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் என் கை கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. அலமாரியில் பசை ட்யூப் இருந்தது. விரிசலின்மேல் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீர் மாதிரி அது உள்ளே இறங்கியது. காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, திராவகத்தில் இன்னொரு முக்கு. நகத்தால் இழுத்தேன். சிக்கவில்லை. ஷாட்டுக்கு ரெடி.

மத்தியானம் தொழுகை முடித்துவிட்டு பாய் உள்ளே வந்தார். நான் கருங்காலிப் பிடியை வைத்துப் பித்தளை ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தியைத் தொடவில்லை. தள்ளி நின்று கோலத்தைப் பார்த்தார். அழகாக வந்திருக்கிறது என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"தட்டிப் பாத்தியா நைனா? பிடி போட்டா சத்தம் கொஞ்சம் அமுங்கிடும்."

"பாத்துட்டேன் பாய்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு போனை எடுத்து மகளிடம் கத்தி ரெடி, வந்துவிடு என்றார். தானே ஒரு தட்டு தட்டிப் பார்க்க அவருக்கு ஒரு விநாடி ஆகியிருக்காது. சுத்தியல் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஆணியில் தொங்கியது. என் வார்த்தையை நம்பி அதை எடுக்காமல் விட்டார். அந்த நம்பிக்கையைப் பார்த்தபோது எனக்கு அவர்மேலேயே எரிச்சல் வந்தது. இப்படியா ஒருவனை நம்புவது என்று.

இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை நான் செய்யாத வேலை இல்லை. பட்டறையைப் பெருக்கினேன். தேவையில்லாத ஒரு பட்டையை எடுத்து கிரைண்டரில் தேய்த்துக்கொண்டே இருந்தேன், பேச்சு வராமல் இருக்க. சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கிரைண்டரை நிறுத்தினேன். மூன்று முறையும் பாய் நிமிர்ந்து என்ன என்பது போல் பார்த்தார். மூன்று முறையும் திரும்ப ஓடவிட்டேன்.

அவள் ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள். பையிலிருந்து வெள்ளைச் சமையல் கோட்டை எடுத்து உதறி, எங்கள் இருவருக்கும் காட்டினாள். மார்பில் அவள் பெயர் நீல நூலில் தைத்திருந்தது. அம்மா இரண்டு தடவை இஸ்திரி போட்டுவிட்டாள், இனிமேல் மடிக்கவே பயமாக இருக்கிறது என்றாள். நான் கத்தியை ஒரு துணியில் வைத்து நீட்டினேன்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோலத்தின்மேல் விரலை ஓட்டினாள். விரிசல் இருந்த இடத்தில் விரல் நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டது. எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவள் பிடியின் நுனியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, கத்தியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினாள். டீக்கடை டம்ளரைச் சுண்டுவது போலத்தான், யோசித்துச் செய்ததில்லை.

டக்.

இன்னொரு முறை சுண்டினாள். அதே சத்தம். பாய் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"சரியாத்தானே இருக்கு மாமா?"

அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள். பிடி போட்டதால் அப்படிக் கேட்கிறதா என்று எனக்குத் தப்பிக்கும் வழியையும் சேர்த்துக் கொடுப்பது போல் இருந்தது. காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்த உண்மைக்கு அதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

"சரியாத்தாம்மா இருக்கு" என்றேன்.

பாய் வந்து மகளின் கையிலிருந்து கத்தியை வாங்கினார். வைஸில் பாதிக் கத்தி உள்ளே போகும்படி வைத்து முறுக்கினார். மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். தன் சின்னச் சுத்தியலை விட்டுவிட்டு, மூலையில் இருந்த பெரிய சுத்தியலை எடுத்து, பக்கவாட்டில் ஒரே அடி. கத்தி இரண்டாக உடைந்து, ஒரு துண்டு சுவரில் போய் மோதியது.

உடைந்த வாயில் நடுவே ஒரு கோடு தெரிந்தது. அதில் உளியை வைத்து மெதுவாகத் தட்டினார். பிளந்த மூங்கில் மாதிரி துண்டு இரண்டாகத் திறந்தது. உள்ளே இரண்டு விரல் நீளத்துக்கு எஃகு ஒட்டவே இல்லை. அந்த இடம் சாம்பல் பூத்திருந்தது. அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மினுமினுப்பு. பாய் அதை நகத்தால் சுரண்டினார். செதில் செதிலாக வந்தது. அதை விரலில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பசையா?" என்றார்.

ஆமாம் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி, கிரைண்டர், ராகு காலம், சாக்பீஸ் தூள், ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. மகள் சுவரோரம் விழுந்த துண்டைத் தேடி எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"விபூதி பட்டுது, அது தப்பில்ல நைனா" என்றார் பாய் கடைசியில். "பசை நீ ஊத்துனது."

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், இருவருக்கும் சரியாகப் போயிருக்கும். எனக்குச் சண்டை போட நன்றாக வரும். அவர் சத்தம் போடவில்லை. பிளந்த துண்டுகளைத் துணியில் சுற்றினார். அலமாரியில் வைக்காமல் என் கையில் கொடுத்தார். மகளைப் பார்த்து, திங்கட்கிழமைக்குக் கடைக் கத்தி எடுத்துக்கொண்டு போ என்றார். அவள் சரி என்று கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். கிளம்பும்போது வழக்கம்போல் என்னிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகு பாய் உலையைத் துப்புரவு செய்துகொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அடுத்த வாரம் இன்னொண்ணு அடிக்கலாம். இந்த வாட்டி நா அடுக்கறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் துணியைப் பிரித்துக் காட்டினேன். அவள் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தேய்த்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று யார் உங்களுக்குச் சொன்னது, வாசலில் போடுகிற கோலத்தை தினமும் மிதித்துக்கொண்டுதானே போகிறோம் என்றாள். நான் பயந்த இரண்டு பேரில் ஒருவருக்கும் அந்த விபூதி ஒரு விஷயமாகவே இல்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் மேஜையில் எதைத் தொடுவதற்கு முன்னாலும், இதில் இடலாமா பாய் என்று அவரைக் கேட்டாள்.

அடுத்த வாரம் அடித்த கத்தி நல்ல கத்தி. பாயின் மகளிடம் இன்றும் இருக்கிறது. பாயும் நானும் இன்றும் சேர்ந்துதான் வேலை செய்கிறோம். டீ, பொரிகடலை, கிண்டல் எதுவும் குறையவில்லை. ஆனால் தகடுகளைத் தேய்ப்பது நான், அடுக்குவது அவர். அவர் அன்றைக்குச் சொன்ன 'இந்த வாட்டி' எப்போது முடியும் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவள் கத்தியைச் சாணை பிடிக்கக் கொண்டுவருவாள். தி.நகரிலிருந்து வேலை முடிந்து, கையில் வெங்காய வாசனையோடு வருவாள். நான்தான் கல்லில் தீட்டிக் கொடுப்பேன், அதில் எனக்கு நல்ல கை. வாங்கியதும் பிடியின் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டுவாள். கத்தி நீளமாக ரீங்கரிக்கும். எங்கள் மூன்று பேர் காதிலும் அது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் சரியாத்தானே இருக்கு என்று ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் பைக்குள் வைப்பாள். கேட்பது அப்பாவிடம். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.